வெளிநாட்டில் பிறந்த பெற்றோர், வெளிநாட்டில் பிறந்த பிள்ளை: இந்தியக் குடியுரிமையை உறுதி செய்வது எப்படி?

கேரள எல்லையோரத்துக் குன்னத்துகால், காரக்கோணம், வெள்ளறடை, பாறசாலைப் பக்கத்திலிருந்து கல்ஃபுக்குப் போன முதல் தலைமுறை இன்று பாட்டாவும் பாட்டியுமாகி ஊரில் இருக்கிறது. குவைத்திலோ மஸ்கட்டிலோ அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, அவர்களுக்கும் அங்கேயே குழந்தை பிறக்கிறது. "நாங்க எல்லாரும் இந்தியாக்காரங்க, பிள்ளை மட்டும் வேற எப்படி ஆகும்?" என்று வீட்டில் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சட்டம் அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. 3-12-2004 முதல், வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை, தாயும் தகப்பனும் இந்தியர்களாகவே இருந்தாலும், இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்தால்தான் வம்சாவளியாக இந்தியக் குடியுரிமை பெறும். கெடு ஒரு வருடம்.

வளைகுடா நாடுகள் தங்கள் மண்ணில் பிறந்த காரணத்துக்காக நம் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தருவதில்லை. அதனால் அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு இந்தப் பதிவு விடுபட்டால் வேறொரு நாடாவது மிஞ்சும். ஷார்ஜாவில் பிறந்த குழந்தைக்கு அதுவும் மிஞ்சாது. இந்த அத்தியாயம் முக்கியமாக அந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

முதல் வேலை: எந்தத் தேதிக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஆட்களைப் பிறந்த தேதி கொண்டு பிரிக்கிறது. முதலில் வெளிநாட்டில் பிறந்த பெற்றோரின் தேதியைப் பாருங்கள். பிறகு பிள்ளையின் தேதியைப் பாருங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

1. 26-1-1950 முதல் 9-12-1992 வரை வெளிநாட்டில் பிறந்தவர்: அவர் பிறந்த நேரத்தில் தகப்பன் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். தாய் மட்டும் இந்தியராக இருந்தால் போதாது.
2. 10-12-1992 முதல் 2-12-2004 வரை: தாய், தகப்பன் இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும்.
3. 3-12-2004 முதல்: இருவரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும், அதோடு தூதரகப் பதிவும் கட்டாயம்.

முதல் கட்டம் பலரை ஏமாற்றுகிறது. உதாரணத்துக்கு, 1985-ல் கொழும்பில் இலங்கைத் தகப்பனுக்கும் பாறசாலைத் தாய்க்கும் பிறந்தவர் வம்சாவளியாக இந்தியர் ஆகமாட்டார். அதே தம்பதிக்கு 1994-ல் பிறந்த தம்பி ஆவார். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு நிலை. இது அநியாயமாகத் தெரியலாம். 1992-ல் சட்டத்தைத் திருத்தியபோது பழைய பிறப்புகளுக்கு அந்தச் சலுகை நீளவில்லை.

முதல் இரண்டு கட்டத்திலும் இன்னொரு கண்ணி உண்டு. குடியுரிமை எந்தப் பெற்றோர் வழியாக வருகிறதோ, அவரே வெளிநாட்டில் பிறந்து வம்சாவளியாக மட்டும் இந்தியரானவர் என்றால், அந்தக் காலத்திலும் பிள்ளையின் பிறப்பைத் தூதரகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்தபோது அவர் இந்திய அரசுப் பணியில் இருந்திருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆகவே நீங்கள் 1995-ல் துபாயில் பிறந்தவர், உங்கள் அப்பாவும் வெளிநாட்டில் பிறந்தவர் என்றால், பிள்ளையின் காகிதத்துக்கு முன்னால் உங்கள் சொந்தக் காகிதத்தைத் தேடுங்கள். பாஸ்போர்ட் பலமான சான்று. ஆனாலும் கேள்வி எழுந்தால் அதற்கு அடியில் இருக்கும் தூதரகப் பிறப்புப் பதிவைத்தான் கேட்பார்கள்.

பாட்டா பிறந்தது திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில், பிரிட்டிஷ் இந்தியாவில் இல்லையே என்று சிலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். சமஸ்தானங்களும் சேர்ந்ததுதான் சட்டம் சொல்லும் பிரிக்கப்படாத இந்தியா.

இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பங்கள்

30-10-1964 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒத்துக்கொண்டது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கேரளத்தில் புனலூரை மையமாகக் கொண்ட ரிஹாபிலிட்டேஷன் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் ரப்பர் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவர்களோ கொடுத்தவர்களோ உங்கள் ஊரில் இருந்தால், ஒன்றைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தின் கீழ் இந்தியராகப் பதிவு செய்யப்பட்டவர் பதிவு மூலம் குடிமகன் ஆனவர். "வம்சாவளியாக மட்டும்" என்ற கண்ணி அவருக்குப் பொருந்தாது. அவர் இலங்கையில் பிறந்தவர் என்பது அவருடைய பிள்ளைக்குக் குறுக்கே வராது. அவருடைய குடியுரிமைப் பதிவுச் சான்றும், இந்தியா வந்தபோது கையில் இருந்த இந்தியப் பாஸ்போர்ட்டும் தங்கத்துக்குச் சமம். பழசாகிவிட்டது, நைந்துவிட்டது என்று எறியாதீர்கள்.

இந்தியாவில் பிறந்தவர்களின் கதை வேறு. 26-1-1950 முதல் 30-6-1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவருக்குப் பெற்றோர் யார் என்ற கேள்வியே இல்லை. இலங்கைப் பெற்றோருக்கு 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி இந்த விதியைக் காட்டித்தான் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 2022-ல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் போட்டார். உங்கள் பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டவர், நீங்கள் அந்தத் தேதிகளுக்குள் இந்தியாவில் பிறந்தவர் என்றால், இந்த அத்தியாயம் உங்களுக்குத் தேவையில்லை.

காகிதங்களைச் சேர்ப்பது: எல்லையோர வீடுகளுக்குத் தனிக் கவனம்

விண்ணப்பம் நிரப்ப ஒரு மாலைப்பொழுது போதும். காகிதம் சேர்க்கத்தான் மாதங்கள் போகும். ஆகவே கர்ப்பம் உறுதியானதும் இந்த வேலையைத் தொடங்குங்கள். பிரசவத்துக்குப் பின் தள்ளிப்போட வேண்டாம்.

தேவைப்படுபவை: பெற்றோர் இருவரின் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அந்நாட்டு வசிப்பு அனுமதி, திருமணச் சான்று, வெளிநாட்டில் பிறந்த பெற்றோரின் பிறப்புச் சான்று, அவருடைய தூதரகப் பதிவு இருந்தால் அது, அவருடைய தகப்பனின் பாஸ்போர்ட் நகல், குழந்தையின் அந்நாட்டுப் பிறப்புச் சான்று. பாட்டாவின் பழைய பாஸ்போர்ட் கையில் இருந்தால் எல்லாப் பக்கத்தையும் நகலெடுங்கள். உங்களுடைய பிறந்த நாளன்று அவர் இந்தியராக இருந்தார் என்பதைக் காட்ட அதைவிட நல்ல சான்று கிடையாது.

இனி நம் ஊர்ச் சிக்கல்கள்.

*எந்தப் பக்கத்துக் காகிதம்?* 1-11-1956 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. கல்யாணமும் பிரசவமும் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. குன்னத்துகால் மாப்பிள்ளைக்கு மார்த்தாண்டத்தில் பெண் எடுப்பார்கள். களியக்காவிளைப் பெண் காரக்கோணம் மருத்துவக் கல்லூரியில் பிள்ளை பெறுவாள். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு இருக்கும். காரக்கோணத்தில் பிறந்திருந்தால் குன்னத்துகால் பஞ்சாயத்தில் தேடுங்கள்; தாயின் ஊர் தமிழ்நாடு என்பதால் அங்கே போய் அலைய வேண்டாம். திருமணமும் அப்படியே. கேரளத்தில் நடந்த திருமணத்தை 2008-ஆம் ஆண்டுப் பொது விதிகளின்படி பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ பதிய வேண்டும். தமிழ்நாட்டில் நடந்ததை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். சி.எஸ்.ஐ. சபையில் தாலி கட்டிய பலர் சபை தந்த சான்றோடு நின்றுவிடுகிறார்கள். தூதரகத்தில் தடை வராமலிருக்க அரசுப் பதிவையும் வாங்கி வையுங்கள்.

*பெயர்.* பதிவுகள் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் இதுதான். தமிழ்நாட்டுப் பக்கத்தில் முன்னெழுத்து; கேரளப் பக்கத்தில் பெயருக்குப் பின்னால் எழுத்து, சில காகிதத்தில் வீட்டுப்பெயர்; வளைகுடா ஆஸ்பத்திரியில் அரபி முறைப்படி தகப்பன் பெயரும் பாட்டா பெயரும் சேர்ந்த நீளப் பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று உங்களுக்குத் தெரியும். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். திருத்த முடியாத பழைய காகிதத்துக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று வில்லேஜ் ஆபீஸில் சான்றோ, நோட்டரி முன் உறுதிமொழியோ வாங்குங்கள்.

*கொல்லம் ஆண்டு.* பாட்டாவின் பள்ளிச் சான்றிலும் பழைய சபைப் பதிவேட்டிலும் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் 1125 என்பது 1949 ஆகஸ்டில் தொடங்கிய ஆண்டு. மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும். தோராயமாகக் கணக்குப் போட்டு எழுதிவிடாதீர்கள். பஞ்சாங்கத்தோடு சரிபார்த்து, மொழிபெயர்ப்பில் இரண்டு தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.

குறிப்பு: தமிழிலோ மலையாளத்திலோ உள்ள காகிதங்களுக்கு நோட்டரி சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பை ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் மலையாளத்துக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். திருவிதாங்கூர்ப் பதிவேட்டுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் கிடைப்பது அரிது.

குழந்தை பிறந்த பின்: படிப்படியாக

1. ஆஸ்பத்திரி தரும் பிறப்பு அறிவிப்பில் பெற்றோர் பெயரின் ஆங்கில எழுத்தைக் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள். அரபிச் சான்று அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு.

2. குழந்தைக்குப் பெயர், குடும்பப்பெயர் இரண்டையும் வையுங்கள். நம் ஆட்கள் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் விசிட் விசாவில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பிள்ளையை அந்தச் சிக்கலில் விடவேண்டாம். தகப்பன் பெயரைக் குடும்பப்பெயராக வைத்தாலே போதும்.

3. அந்நாட்டு அரசின் பிறப்புச் சான்றை வாங்குங்கள். அந்நாட்டு அமைச்சக முத்திரை தேவையா என்பதை உங்கள் தூதரகத்தின் பட்டியலில் பார்த்துச் செய்யுங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும். பக்கத்து வீட்டுக்காரர் அனுபவத்தை நம்பி விடாதீர்கள்.

4. எந்த அலுவலகம் உங்களுக்கு உரியது என்று உறுதி செய்யுங்கள். அபுதாபி, அல் ஐன் என்றால் அபுதாபி எம்பசி. துபாய், ஷார்ஜா என்றால் துபாய் கான்சுலேட். சவூதியில் தம்மாம் ரியாத் எம்பசிக்குக் கீழே வரும். மேற்குப் பகுதி ஜெத்தா கான்சுலேட்டுக்குக் கீழே வரும்.

5. குடியுரிமை விண்ணப்பங்களுக்கான உள்துறை அமைச்சகத்தின் இணையத்தளத்தில், 4(1) பிரிவின் கீழ் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யும் விண்ணப்பத்தை நிரப்பி அச்செடுங்கள். குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் சேவைத் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டுப் பதிவும் ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டையும் தனித்தனியே கேட்டு உறுதி செய்யுங்கள்.

6. குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழியில் தாய், தகப்பன் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் ஊரில் இருந்தால் அவருடைய கையெழுத்தை எப்படி ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். கடைசி வாரத்தில் இதற்காகத் தபாலுக்குக் காத்திருப்பது ஆபத்து.

7. பிறப்புப் பதிவுச் சான்றும் பாஸ்போர்ட்டும் கைக்கு வந்ததும் எழுத்துப் பிழை பாருங்கள். மூல நகல்களை ஊரில் ஒரு வீட்டிலும் வெளிநாட்டில் ஒரு வீட்டிலுமாகப் பிரித்து வையுங்கள். ஸ்கேன் செய்து மூன்றாவது இடத்திலும் வையுங்கள். சிறுவர் பாஸ்போர்ட் 5 வருடமே செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். பிறப்புப் பதிவுச் சான்று வாழ்நாள் முழுவதும் வேண்டும். இந்தப் பிள்ளைக்கு நாளை வெளிநாட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் முதலில் தேடப்போவதும் இதைத்தான்.

ஒரு வருடம் தாண்டிவிட்டதா?

கதவு மூடவில்லை, குறுகிவிட்டது. சட்டம் மத்திய அரசின் அனுமதியோடு தாமதப் பதிவை ஏற்கிறது. அதே விண்ணப்பத்தைத் தாமதத்துக்கான காரணத்தோடு தூதரகத்தில் கொடுக்க வேண்டும். அங்கிருந்து அது டெல்லிக்கு உள்துறை அமைச்சகத்துக்குப் போகும்.

காரணம் உண்மையாக இருக்கட்டும். தாயின் நோய், தகப்பனின் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது, வேலை வழக்கு, பயணத்தடை, எதுவானாலும் காகிதத்தோடு சொல்லுங்கள். "தெரியாமல் விட்டுவிட்டோம்" என்பதும் காரணம்தான். பொய்யான மருத்துவச் சான்றைவிட அது ஆயிரம் மடங்கு பாதுகாப்பானது. விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொன்னால் 17-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அனுமதி வரும்வரை குழந்தையின் வசிப்பு அனுமதியைச் சரியாக வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. அந்நாட்டு அபராதம் ஒருபுறம் ஏறிக்கொண்டிருக்கும்போது இங்கே கோப்பு நகரும் என்று காத்திருக்க முடியாது. அந்தந்த நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தில் கால நீட்டிப்பு கேளுங்கள்.

நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

*"ஊர்ப் பஞ்சாயத்தில் பதிஞ்சா போதும்."* போதாது. வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பு அங்கே பதிவாகாமல், பெற்றோர் இந்தியாவில் குடியேற வந்தால், 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி குழந்தை வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் இங்கே பதியலாம். அது பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று. குடியுரிமை தருவது தூதரகப் பதிவு.

இதைவிட மோசமானது, பிள்ளை காரக்கோணத்தில் பிறந்ததாகவே எழுதி வாங்குவது. சில ஏஜென்ட்டுகள் இதைச் சுலப வழியாகச் சொல்வார்கள். அந்தக் குழந்தை ஊருக்கு வந்த தேதி குடியேற்றப் பதிவில் இருக்கிறது. பிள்ளை வளர்ந்து அரசு வேலைக்குப் போகும் வயதில் இந்தப் பொய் வெளியே வரும். தண்டனை அந்தப் பிள்ளைக்கு.

*வசதிக்காக வெளிநாட்டுப் பாஸ்போர்ட்.* தாயோ தகப்பனோ வேறு நாட்டவர் என்றால், அவசரப் பயணத்துக்காக அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துவிடுகிறார்கள். எடுத்துவிட்டால் 6-ஆம் படியின் உறுதிமொழியில் கையெழுத்துப் போட முடியாது; பதிவும் கிடையாது. எந்த நாடு என்று முடிவெடுத்த பிறகே முதல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

*பெற்றோர் முன்பே குடியுரிமை மாறியது.* பிள்ளை பிறக்கும் நேரத்தில் பெற்றோர் இந்தியராக இருக்க வேண்டும். பிறப்புக்குச் சில மாதம் முன்னால் பெற்றோர் சிங்கப்பூர்க் குடியுரிமை ஏற்ற ஒரு வழக்கில், 1999-ல் பிறந்த மகன் கேட்ட குடியுரிமையை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. வெளிநாட்டுக் குடியுரிமை ஏற்ற உடனேயே 9-ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. முறைப்படி துறந்தவர்களின் பிள்ளைகளுக்கு 8(2) பிரிவு தரும் திரும்பப் பெறும் உரிமை அங்கே உதவவில்லை. குடியுரிமை மாற விண்ணப்பித்திருக்கும் தம்பதியர் பிரசவத் தேதியையும் கணக்கில் எடுங்கள்.

*அசலை ஏஜென்ட்டிடம் கொடுப்பது.* அட்சயா இ-சேவை மையத்தில் படிவம் நிரப்பிக்கொள்வது தவறில்லை. பாட்டாவின் பாஸ்போர்ட்டை, திருமணச் சான்றின் அசலை, போனில் வரும் ஓடிபியை யாரிடமும் விடாதீர்கள்.

18 வயது முடியும்போது

பிள்ளை வம்சாவளியாக இந்தியர். தாய் வழியில் வேறொரு நாட்டுக் குடியுரிமையும் சட்டப்படி இருக்கிறது. அப்படியானால் 18 முடிந்த 6 மாதத்துக்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை தானாகவே நீங்கும். யாரும் நோட்டீஸ் அனுப்பி நினைவூட்டமாட்டார்கள். பிள்ளையின் 17-ஆம் பிறந்த நாளிலேயே அந்த நாட்டுத் தூதரகத்தில் துறப்புக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேளுங்கள்.

தூதரகப் பதிவு வழி முற்றிலும் அடைபட்டால்

சுருக்கமாகச் சொல்கிறேன், இவை ஒவ்வொன்றும் தனி வேலை. பெற்றோர் இந்தியக் குடிமக்களாக உள்ள சிறுவரை 5(1)(d) பிரிவின் கீழ் பதிவு செய்யக் கேட்கலாம். வயது வந்தவர், தானோ பெற்றோரில் ஒருவரோ முன்பு சுதந்திர இந்தியாவின் குடிமகனாக இருந்திருந்தால், இந்தியாவில் 12 மாதம் தொடர்ந்து வசித்தபின் 5(1)(f) பிரிவில் கேட்கலாம். நெய்யாற்றங்கரைத் தாலுகாக்காரர்களுக்கு இந்தக் கோப்பு குடப்பனக்குன்னில் உள்ள கலெக்டரேட் வழியாக நகரும். ஒரு எச்சரிக்கை: இந்த வழிகள் சட்டவிரோதமாகத் தங்கியவர்களுக்குக் கிடையாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் ஊருக்கு வந்த பிள்ளையின் விசாவை ஒரு நாள்கூடக் காலாவதியாக விடாதீர்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள வம்சாவளி இந்தியருக்கான ஓசிஐ (OCI) அட்டை இன்னொரு வழி. வாழ்நாள் விசா கிடைக்கும். வாக்குரிமை கிடையாது, விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. பாட்டாவின் ரப்பர் தோட்டம் வாரிசாக வரலாம். பக்கத்துத் தோட்டத்தை விலைக்கு வாங்க முடியாது. ஊரில் நிலத்தோடு வாழ நினைக்கும் குடும்பம் இதை யோசித்து முடிவெடுக்க வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை எதுவும் இல்லாத வளைகுடாக் குழந்தைக்கு ஓசிஐ கேட்கவே முடியாது; அது வெளிநாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். அந்தக் குழந்தைக்கு இருக்கும் நேர்வழி தூதரகப் பதிவுதான். பிள்ளைக்கு இப்போது பத்து மாதம் ஆகிறதென்றால், மற்ற அத்தியாயங்களைப் பிறகு படிக்கலாம். இன்றே தூதரகத்தில் நேரம் வாங்குங்கள்.